மெத்தை விரித்த கார்

ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் முதலில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் கணவரைப் பார்த்து, வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு என்றார் இவர். அதற்குப் பிறகுதான் டாக்டர் என் பக்கம் திரும்பினார். கர்ப்பப்பையின் வாய் திறந்துவிடாமல் இருக்கப் போட்ட தையல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதை நம்பி நடமாட முடியாது என்றார். குளியலறைக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் எழக் கூடாது. நெடுநேரம் உட்காரவும் கூடாது. படுக்கைதான், இடது பக்கமாக ஒருக்களித்து.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம் முடியும் தறுவாய். நாங்கள் நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். டாக்டரும் ஆஸ்பத்திரியும் தாம்பரத்தில். என் அம்மா வீடும் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அப்போதே அங்கே போயிருக்கலாம். ஆனால் அம்மா வீட்டில் பாத்ரூமை உடைத்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று நாவலூரிலேயே படுத்தேன்.

படுத்தே கிடப்பது ஓய்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருமல் வந்தால் பயம். தும்மல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டும். குழந்தை அசைந்தால் ஏன் இவ்வளவு அசைகிறது என்று தோன்றும். அசையாவிட்டால் கேட்கவே வேண்டாம். என் கணவர் அலுவலகத்தில் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். நான் புரண்டு படுத்தால் பக்கத்து அறையில் அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்.

இப்படி ஆறாம் மாதமும் பாதி ஓடியது. அம்மா வீட்டு வேலை முடிந்து டைல்ஸ் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், சென்னைக்குக் கனமழை என்று செய்தி வர ஆரம்பித்தது. எங்கள் குடியிருப்புக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. நல்ல மழை பெய்தால் முதலில் தண்ணீர் இறங்குவது லிஃப்ட் குழிக்குள்தான். மோட்டார் கெட்டுவிடும் என்று அசோசியேஷன்காரர்கள் முன்கூட்டியே லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். பிறகு வாசல் சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். முந்தைய வருடம் ஒரு வயதானவரை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுபோனதை எங்கள் பால்கனியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் சூழ்ந்துகொண்டு, அந்த நேரம் பார்த்து எனக்கு வலி வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை இருவருமே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் டாக்டருக்குப் போன் செய்தார். தாம்பரத்துக்கு வந்துவிடுவது நல்லதுதான், ஆனால் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள், ஆம்புலன்ஸ் சொல்லிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

நான் முடியாது என்றேன்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு குழந்தை எங்களுக்குத் தங்காமல் போனது. அன்று என்னைக் கொண்டுபோனது ஆம்புலன்ஸ். ஆண் குழந்தை, அதன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் என் கணவர். எனக்கு நினைவிருப்பதெல்லாம் மேலே ஆடிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலும், வழி நெடுக நிற்காமல் அலறிய சைரனும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இப்போதும் காதைப் பொத்திக்கொள்வேன். ஆம்புலன்ஸுக்குள் என்னால் மறுபடி படுக்க முடியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவர் சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் பேசப்படவில்லை.

அவர் தன் அக்காவுக்குப் போன் செய்தார்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். குன்றத்தூர் பக்கம் சாலையோரமாக நர்சரி வைத்திருக்கிறார். தனியாள். செடிகளையும் தொட்டிகளையும் ஏற்றிப்போக ஒரு பழைய எஸ்டேட் கார் வைத்திருந்தார். பின்பக்கம் நீண்டு, சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே தடுப்பில்லாமல், பின்கதவு முழுசாக மேலே தூக்கித் திறக்கும் வண்டி. பின் சீட்டை மடித்துவிட்டால் ஓர் ஆள் படுக்கலாம். அதுதான் யோசனை.

யோசனையில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணி வண்டி ஓட்டுவது எங்கள் குடும்பத்தில் பெரிய பேச்சு. அவர் கூட உட்கார்ந்து போனவர்கள் மறுமுறை பஸ்ஸில் வருவதாகச் சொல்வார்கள். மண் லாரிகளுக்கு நடுவே நுழைந்து போவார்; பஸ் டிரைவர்களிடம் ஜன்னல் வழியாகச் சண்டை போடுவார். என் கணவர் லைசென்ஸ் வைத்திருக்கிறார், ஆனால் கிளட்சை விட்டால் வண்டி இருமிக்கொண்டு குதிக்கும். இரண்டு பேரில் யார் ஓட்டுவது என்று இரவெல்லாம் யோசித்தேன். இருமும் வண்டியா, பறக்கும் வண்டியா?

அண்ணி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். காரைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் எருவின் வாசனை போகவில்லை என்று கீழேயிருந்து என் கணவர் வீடியோ காலில் சொன்னார். நான் படுத்த இடத்திலிருந்தே போன் திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் விருந்தாளி மெத்தையைக் கொண்டுபோனார்கள். இலவம்பஞ்சு. அதை விரித்து அண்ணி மேலே படுத்துப் பார்த்தார். இடுப்பு பள்ளத்தில் இறங்கி, காலும் தலையும் மேலே நின்றன. மடித்த சீட்டின் முதுகுக்கும் டிக்கித் தளத்துக்கும் நடுவே ஒரு படி இருந்ததுதான் காரணம். பஞ்சு அந்தப் படிக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துவிட்டது. கட்டில் மெத்தையைப் போடலாமா என்று பார்த்தால், அது வண்டியைவிட அகலம். போதாததற்கு நல்ல உயரம். என் மூக்கு கூரையில் இடிக்கும்.

அண்ணி தன் வீட்டிலிருந்து ஒற்றை ஃபோம் மெத்தை ஒன்றைக் கார் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை உள்ளே தள்ளினார்கள். நீளம் சரியாக இருக்கும்போலிருந்தது, முன் சீட்டுகளை முன்னால் இழுத்துவிட்டால். ஆனால் பின் சக்கரங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் உட்புறமாகப் புடைத்த மேடுகள் இருந்தன. மெத்தை அவற்றுக்கு நடுவே போகவில்லை. அழுத்தித் திணித்தால் நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டது. என் கணவர் அதன்மேல் முழங்காலை ஊன்றி அமுக்க, காலை எடுத்ததும் மறுபடி எழுந்தது. அவருடைய சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு முறை இழுத்து வெளியே போட்டு, திருப்பி, குறுக்காகச் சாய்த்துப் பார்த்தார். பின்கதவு மூடவில்லை.

அண்ணி கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, முன்சீட்டுக்கு அடியிலிருந்து செடி வெட்டும் கத்தியை எடுத்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது; அவருடைய தம்பிக்குப் புரியவில்லை.

“அக்கா, நல்ல மெத்தைக்கா இது.”

“படுக்கத்தானே மெத்தை? தள்ளு.”

உறையோடு சேர்த்து இரண்டு பக்கமும் மேடுகள் வரும் இடத்தில் பிறை மாதிரி வெட்டி எடுத்தார். ஃபோம் துணுக்குகள் பார்க்கிங் முழுக்கப் பறந்தன. செக்யூரிட்டி ஓடிவந்து ஏதோ சொல்ல, அவரை அண்ணி துடைப்பம் எடுத்துவர அனுப்பினார். இப்போது மெத்தை மேடுகளைக் கட்டிக்கொண்டு தரையில் படிந்தது. படி இருந்த இடத்தில் பழைய போர்வைகளையும் என் கணவரின் வேட்டிகளையும் மடித்து அடைத்தார்கள். அண்ணி மறுபடி படுத்துப் பார்த்தார். சமமாக இருந்தது. திரையில் அவர் பாதங்கள் கண்ணாடிக்கு மிக அருகில் தெரிந்தன. பின்கதவை என் கணவர் மெல்ல இறக்கினார். பூட்டு விழுந்த சத்தம் எனக்குப் போனிலும் கேட்டது, பால்கனி வழியாகவும் கேட்டது.

அடுத்த விவாதம், தலை எந்தப் பக்கம் என்பது. தலை பின்கதவுப் பக்கம் இருந்தால், பின்னாலிருந்து எவனாவது இடித்தால் தலையில் படும். முன்பக்கம் இருந்தால், பிரேக் அடிக்கும்போது முழு உடம்பும் தலையோடு போய்ச் சீட்டில் மோதும். இதை என் தலைக்கு மேலே நின்றுகொண்டே இருவரும் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கு இரண்டு விபத்துகளும் நடந்து முடிந்துவிட்டன. கடைசியில் தலை முன்பக்கம், சீட்டுக்கும் தலைக்கும் நடுவில் முட்டுக்கொடுக்க ஒரு தலையணை, காலுக்குக் கீழே ஒரு தலையணை என்று முடிவாயிற்று. தொட்டிகள் சாயாமல் கட்டும் பட்டைகளை என் மார்புக்கு மேலும் தொடைகளுக்கு மேலும் தளர்வாகப் போட்டுக்கொள்வது. வயிற்றின் மேல் எதுவும் வரக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

சாலையையும் என் கணவர் முந்தின நாளே பார்த்துவிட்டு வந்திருந்தார். சோழிங்கநல்லூர் போய் மேடவாக்கம் வழியாகப் போனால் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட பள்ளங்கள். கேளம்பாக்கம் போய் வண்டலூர் வழியாகப் போனால் சுற்று, கல்லூரி பஸ்கள், ஊருக்கு ஊர் வேகத்தடை. இரண்டிலும் ஸ்கூட்டரில் போய்வந்தார். பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, வேகத்தடை எங்கே என்று தெரியும், அதனால் வண்டலூர் வழி என்றார். வரும் வழியில் வெள்ளைத் தாளும் பசையும் வாங்கி வந்திருந்தார். பின்கண்ணாடியில் ஒட்ட, ‘உள்ளே நோயாளி’ என்று பெரிதாக எழுதி என்னிடம் காட்டினார். நான் நோயாளி இல்லை என்றேன். அவர் வேறு தாள் எடுத்து, ‘கர்ப்பிணி. மெதுவாகச் செல்கிறோம்’ என்று எழுதினார்.

சாப்பிட்டுவிட்டு மதியம் கிளம்பலாம் என்றிருந்தோம். சாதம் கலந்துகொண்டிருக்கும்போதே வானம் இருட்டித் தூறல் விழுந்தது. தூறல்தான், மழைகூட இல்லை. ஆனால் செக்யூரிட்டி இண்டர்காமில் கூப்பிட்டு, “சார், லிஃப்டு ஆஃப் பண்ணிட்டாங்க சார், செக்ரெட்டரி சொல்லிட்டாரு” என்றார். என் கணவர் செக்ரெட்டரிக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. நான்கு முறை, ஐந்து முறை போட்டார். அவருடைய காது சிவந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் சாய்த்துப் படியிறக்கினார்கள். மேலே என் கணவர், கீழே அண்ணியும் செக்யூரிட்டியும், பக்கவாட்டில் எதிர்வீட்டுக்காரர். நாற்காலியின் கால்கள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைக்காமல், தூக்கியபடியே திரும்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்திருந்தேன். மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. முதல் மாடிக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரரின் செருப்பு வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்து, சுவரில் தட்டி நின்றது. பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தட்டலுக்குப் பிறகு குழந்தை அசையவில்லை.

மெத்தையில் என்னைக் கிடத்திப் பட்டைகளைக் கட்டினார்கள். என் கணவர் எனக்கும் கதவுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அண்ணி வண்டியை எடுத்தார்.

படுத்துக்கொண்டு போகும்போது ஊர் தெரியாது. மின்கம்பிகள், விளம்பரப் பலகைகளின் மேல்பாதி, கட்டி முடியாத மாடிகளின் கம்பி முனைகள், அவற்றுக்கு மேல் சாம்பல் நிற வானம். எங்கே இருக்கிறோம் என்று தெரியாததால், எப்போது வேகத்தடை வரும் என்றும் தெரியவில்லை. முதல் தடை சட்டென்று வந்தது. வண்டி மெதுவாகத்தான் ஏறியது, இருந்தாலும் என் உடம்பு முழுக்க இறுகியது. அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்ததிலிருந்து முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார்.

“மேடு வருது. முன் சக்கரம்... இப்போ பின் சக்கரம். ஆச்சு.”

கேளம்பாக்கம் வரைக்கும் இப்படியே. பின்னால் ஹாரன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு வேன்காரன் பக்கத்தில் வந்து திட்டிவிட்டுப் போனான். அண்ணி திரும்பக்கூட இல்லை. என் தலைக்கு மேலே அவருடைய இடது கை கியரின் மேல் இருந்தது தெரிந்தது. நகத்தில் மண். அந்தக் கை அன்று ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

நான் குழந்தைக்காகக் காத்திருந்தேன். தூங்குகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். வயிற்றை விரலால் லேசாகத் தட்டினேன். அசைவில்லை. அவரிடம் சொன்னால் அவர் முகம் மாறும், அந்த முகத்தைப் பார்த்தால் நான் இன்னும் பயப்படுவேன். அதனால் சொல்லவில்லை. மாம்பாக்கம் தாண்டியதும் வேறொன்று தொடங்கியது. வயிறு கல் மாதிரி இறுகி, கொஞ்ச நேரம் நின்று, இளகியது. வலி இல்லை. முதல் முறை பேசாமல் இருந்தேன். மறுபடி இறுகியபோது என்னை அறியாமல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“அண்ணி, நிறுத்துங்க.”

கண்டிகை பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. அண்ணி இறங்கி வந்து பின்கதவைத் தூக்கினார். தூறல் உள்ளே அடித்தது. டீக்கடை அம்மா, கேட்காமலேயே ஒரு குடையைக் கொண்டுவந்து கதவடியில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அசைவு இல்லாததையும் சேர்த்து. என் கணவர் டாக்டருக்குப் போன் செய்தார். அவருடைய விரல் இரண்டு முறை தவறான எண்ணில் பட்டது. அண்ணி கையைத் துடைத்துவிட்டு என் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். மறுபடி இறுகியது. அவருக்கும் அது தெரிந்தது, கையை எடுக்கவில்லை.

டாக்டர் சொன்னது, வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்பது. போனை வைத்துவிட்டு என் கணவர் தன் அக்காவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், இங்கேயே நிற்கலாமா, கூப்பிட்டுவிடலாமா என்று கேட்டார். எதைக் கூப்பிடுவது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

“அது இங்க வந்து சேர்றதுக்குள்ள நாம போயிடலாம்,” என்றார் அண்ணி. பிறகு குனிந்து என்னிடம் கேட்டார். “வேகமா போகணுமா, மெதுவா போகணுமா? அது மட்டும் நீ சொல்லு. நான் ஓட்டிடுவேன்.”

அத்தனை வாரங்களில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. படு, எழாதே, சாப்பிடு, பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். மெதுவாகப் போனால் வழியிலேயே ஏதாவது ஆகலாம். வேகமாகப் போனால் குலுக்கலில் ஆகலாம்.

“வேகமா போங்க. மேடு வந்தா மட்டும் சொல்லுங்க.”

அண்ணி தனக்குத் தெரிந்தபடி ஓட்டினார். ஆனால் மேடுகள் வரும்போது வண்டி ஏறக்குறைய நின்று, ஏறி, இறங்கி, மறுபடி பறந்தது. ஒவ்வொன்றையும் சொன்னார். கொளப்பாக்கம் என்றார் என் கணவர். அப்புறம், வண்டலூர் வந்தாச்சு என்றார். மரங்கள் வந்தன, மதில்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது ஒரு கணம் தெரிந்தது. இடையில் இரண்டு முறை வயிறு இறுகியது. நான் சொன்னேன், அவர் போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் நின்றுவிட்டோம். பெருங்களத்தூரில் வண்டிகள் நகரவில்லை. தூறலுக்கே அப்படி. வைப்பர் ஓடும் சத்தமும் சுற்றிலும் எஞ்சின்களின் உறுமலும்தான். எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று எனக்குத் தெரியாது. என் கால்மாட்டில் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெரிய லாரியின் முகம் மட்டும் தெரிந்தது. அதன் டிரைவர் மேலேயிருந்து என்னைப் பார்த்தான். நான் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவன் பார்த்தது என்னையல்ல, தாளை என்று பிறகுதான் புரிந்தது. அவன் ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டி முன்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான். முன்னாலிருந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்கியது, அதைப் பார்த்து இன்னொன்று. அண்ணி அந்தச் சந்தில் நுழைந்தார். லாரி குறுக்கே நின்று, பின்னால் வந்தவர்களை எங்கள்மேல் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டது. அந்த டிரைவருக்கு நாங்கள் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். பின்கதவைத் திறந்ததும் அவர்களுக்குத்தான் குழப்பம். தோளைப் பிடித்துத் தூக்கினால் நான் மடங்குவேன். காலைப் பிடித்து இழுத்தால் கேட்கவே வேண்டாம். அண்ணி மெத்தையோடு இழுக்கச் சொன்னார்.

“அக்கா, நீ அசையாத. நாங்க பாத்துக்கறோம்,” என்றார் ஸ்ட்ரெச்சர்காரர்களில் ஒருவர் என்னிடம். “ஏய், அந்தாண்ட பிடிச்சுக்க. வெட்டி கீது பாரு, அங்க பிடி.”

மேடுகளுக்காக வெட்டிய பிறைகளில் கைவிட்டு, நான்கு பேர் மெத்தையைப் பலகை மாதிரி வெளியே உருவி ஸ்ட்ரெச்சரின்மேல் வைத்தார்கள். லேபர் வார்டு வாசல்வரை அப்படியே போனேன். அங்கே என்னை மட்டும் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, ஈர மெத்தையை உள்ளே விட முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. யாரோ கேட்டு வாங்கிக்கொண்டதாக அண்ணி பின்னால் சொன்னார்.

டாக்டர் வயிற்றில் ஜெல் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். முதலில் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், இரைச்சல். நான் கூரையைப் பார்த்தேன். இன்னும் கீழே நகர்த்தி, சாய்த்து, அழுத்தினார். அப்போது கேட்டது: ஈரத் துணியை யாரோ வேகவேகமாகக் கல்லில் அடிப்பதுபோல, விடாமல். என் கணவர் வெளியே நின்றிருந்தார். கதவைத் திறந்து, சத்தத்தை அவருக்குக் கேட்கும்படி வையுங்கள் என்று நான் நர்ஸிடம் கேட்டேன். அவர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. கதவோரம் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அது நகரவில்லை.

இறுக்கத்தை நிறுத்த மருந்து ஏற்றினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி போட்டார்கள். ராத்திரிக்குள் வயிறு இளகியது. தையல் தாங்கியிருந்தது. அம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, அண்ணிக்கு ஊற்றிக் கொடுத்தார். அண்ணி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் குடித்துவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் பயந்த மழை வரவில்லை. தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் போய்விட்டது என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். நாவலூரில் வெயில் அடித்ததாம். லிஃப்டையும் போட்டுவிட்டார்களாம். இதைக் கேட்டதிலிருந்து என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டிக்கொண்டு வந்ததால்தான் இறுக்கம் வந்தது, வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்று ஒருநாள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். அவரால் டாக்டரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டார். பயணத்தால் வந்திருக்கலாம், பயணம் செய்யாமலும் வந்திருக்கலாம், வீட்டில் வந்திருந்தால் என்னிடம் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார் டாக்டர். என் கணவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. அன்று நாங்கள் செய்தது சரியா, தவறா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. அதோடு வாழப் பழகிக்கொண்டோம்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. வாரக்கணக்கில் அந்தக் கட்டிலிலேயே இருந்தேன். ஜன்னல் வழியாகத் தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்புகள் காற்று வாக்கில் கேட்கும். எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு விடிகாலை தண்ணீர் உடைந்தது. பெண் குழந்தை. அழுதாள், ஆனால் பூனைக்குட்டி மாதிரி. என்னிடம் ஒரு நொடி காட்டிவிட்டு, குறைமாதக் குழந்தைகளை வைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முதலில் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். மூக்கில் குழாய், காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு கிளிப். சத்தம் போடும் இயந்திரங்கள் எல்லாவற்றையும் பார்த்து, எந்தச் சத்தம் அவளுடையது என்று கற்றுக்கொண்டேன். குழாயை எடுத்த பிறகு, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. என் கணவர் தினமும் எடையைக் கேட்டு வருவார்; கூடியிருந்தால் படியேறி வரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அண்ணி ஒருமுறை வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தார். கைகால் நீளமாக இருக்கிறது, எங்கள் வீட்டு வாகு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் காலை அவளை என் நெஞ்சின்மேல், தோலோடு தோலாக, படுக்கவைத்தார்கள். ஒரு முழு அணில்குஞ்சு எடைகூட இல்லை என்று தோன்றியது. மூச்சு விடுகிறாளா என்று பார்க்கவே எனக்கு மூச்சு வரவில்லை. அப்போது அவள் தும்மினாள். நான் நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, “தும்மல்தாம்மா, எல்லாக் குழந்தையும் தும்மும்” என்றார்.

சரி என்றேன். அடுத்த தும்மலுக்கும் கூப்பிட்டேன்.